மிச்சத் தண்ணீர்

சோதித்து முடித்த தண்ணீரைக்
கொட்டிவிடச் சொல்கிறது விதி.
நான் கொட்டுவதில்லை.
அரை லிட்டரில் எனக்கு வேண்டியது ஒரு கை அளவு.
மீதி, ஜன்னலோரம் நிற்கிற
வெள்ளைக் கோடு போட்ட செடிக்கு.

ஸ்பைடர் பிளாண்ட் என்று சொல்லி விற்றார்
தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
தள்ளுவண்டிக்காரர். நாற்பது ரூபாய்.
முதல் வருஷம் சும்மா இருந்தது.
இரண்டாம் வருஷம்
மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நீளக் காம்பை வீசி
நுனியில் ஒரு குட்டியைத் தொங்கவிட்டது.
பிறகு நிறுத்தவேயில்லை.

இலை நுனி மட்டும் கருகும்.
வெயில் என்றாள் கணக்குப் பிரிவு நாகவேணி.
மின்விசிறி என்றார் வாட்ச்மேன்.
இருவரும் அதைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள்.
தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.
இதே மேசையில்தான்
சிவப்புச் சாயம் விட்டுக் காத்திருக்கிறேன்:
எவ்வளவு வெளுக்கிறதோ
அவ்வளவு ஃப்ளூரைடு.
ஒன்றரையைத் தாண்டினால்
பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிக்கணும்.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் போரை
யாரும் சுழித்திருக்கவில்லை
எனக்குப் பல் முளைத்த வருஷங்களில்.
சிரிங்க என்று போட்டோக்காரர் சொன்னால்
உதட்டால் மட்டும் சிரித்துவிடுவேன்.

குட்டியின் அடியில்
அரிசி நொய் போல வெள்ளையாய்ப் புடைத்தால்
அது தயார்.
கத்தரியைச் சூடு காட்டித் துடைத்து
காம்பை ஒட்ட நறுக்கணும்.
அடி மட்டும் நனையணும், கழுத்து முங்கினால் அழுகும்.
வாய் குறுகிய பாட்டில் நல்லது,
இலைகளே விளிம்பில் உட்கார்ந்து
தன்னைத் தாங்கிக்கொள்ளும்.

தை மாதம் ஆறு குட்டிகள்.
ஆறு பாட்டில்கள். லேபிளைக் கிழிக்கவில்லை.
ஏரியூர் கைபம்பு.
நல்லம்பள்ளி ஆழ்துளை.
காரிமங்கலம், பள்ளிக்கூடத் தொட்டி.
இண்டூர். பாப்பாரப்பட்டி.
கடைசியாக, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்.

பைக்கில் மாதிரிப் பெட்டி கட்டிவரும் தீர்த்தகிரி
குனிந்து ஒவ்வொன்றாய்ப் படித்தான்.
"ஒகேனக்கல்தான் மொதல்ல வேர் விடும் மேடம்.
ஒரு டீ பந்தயம்."

ஒன்பதாம் நாள் நல்லம்பள்ளி.
பத்தில் இண்டூரும் ஏரியூரும்.
பள்ளிக்கூடத் தொட்டி
ஒரே ராத்திரியில் நாலு வேர்.
ஒகேனக்கல், இரண்டு வாரம் போக்குக் காட்டிவிட்டு,
எல்லோருக்கும் கடைசியில்.
எல்லா வேரும் ஒரே வெள்ளை.
எந்த ஊர் என்று
பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

"ரிசல்ட் தப்பு மேடம்" என்றான்
டீயை நீட்டியபடி.
தப்பில்லை.
வேர் ருசி பார்ப்பதில்லை.
உறிஞ்சியது நடு நரம்பெல்லாம் நடந்து
நுனியில் போய்ச் சேர
இன்னும் ஆறேழு மாதம் ஆகும்.

மண்ணில் நட்டதும்
ஏரியூர் குட்டியைக் கேட்டு வாங்கினான்.
மகளுக்காம். ஐந்து வயது.
"என்ன தண்ணி ஊத்தறது?"
மழைத் தண்ணீர், இல்லையென்றால்
காவிரிக் குழாய் வருகிற அன்று பிடித்தது.
"கொழாய் வராத அன்னிக்கு?"
காயட்டும். போர்த் தண்ணி வேண்டாம்.
ஒரு வாரம்கூடத் தாங்கும்.

"செடி தாங்கும்" என்றான்.
தொட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து
முழங்காலால் அணைத்துக்கொண்டு போனான்.

அடுத்த திங்கள்
பெட்டியில் பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில்
பத்தொன்பது பாட்டில்.
ஒன்றுக்கு லேபிள் இல்லை,
மூடியைச் சுற்றி
ரப்பர் பேண்ட் மட்டும், குழந்தைகள் ஜடைக்குப் போடுகிற
மஞ்சள் நிறம்.
தீர்த்தகிரி எதுவும் சொல்லவில்லை,
ரசீதில் பதினெட்டு என்றே எழுதினான்.

மற்றதெல்லாம் ஓரமாய் வைத்துவிட்டு
அதற்கு முதலில் சாயம் விட்டேன்.
நிறம் நிற்கும்வரை
ஜன்னல் பக்கம் திரும்பி
கருகிய நுனிகளை
ஒவ்வொன்றாய்க் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.